ஆற்றங்கரைப் பியூனும் டூட்டி முடிந்த டாக்டரும்



நான் மருத்துவன் இல்லை, வழக்கறிஞன். மருத்துவம் படிப்பவர்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுப்பவன். வகுப்பு முடிந்ததும் யாராவது ஒருவர் வராந்தாவில் காத்திருந்து கேட்பார்: "சார், போற வழியில ஆக்சிடென்ட் பார்த்தா நாங்க நிறுத்தணுமா? நிறுத்தினா கோர்ட்டுக்கு அலையணுமா?" இரண்டையும் ஒரே மூச்சில்தான் கேட்பார்கள். அதில் தப்பில்லை. முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி, இரண்டாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்பவருக்குத்தான் உண்டு. இன்றைய பேச்சில் இரண்டுக்குமே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

மெக்காலே என்றதும் நமக்கு அவருடைய கல்விக் குறிப்பும் அதை ஒட்டிய வசவும்தான் நினைவுக்கு வரும். 1834-ல் சென்னையில் வந்து இறங்கி, ஊட்டியில் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்த்துவிட்டுக் கல்கத்தா போனவர் அவர். அவர் விட்டுச்சென்றதில் வேறொன்றும் நெடுநாள் உழைத்தது. அவர் தலைமையிலான சட்ட ஆணையம் 1837-ல் தண்டனைச் சட்டத்தின் வரைவைக் கொடுத்தது. 1860-ல் சட்டமாகி, 2024 ஜூன் 30 வரை நம் நீதிமன்றங்களில் அது புழங்கியது. அந்த வரைவுடன் சேர்த்து மெக்காலே எழுதிய குறிப்புகளைச் சட்டக் கல்லூரிகளில்கூட இப்போது யாரும் புரட்டுவதில்லை. அதில் ஓர் இடத்தில் நம் கேள்வி அப்படியே கிடக்கிறது.

ஆறு பெருக்கெடுத்து ஓடுகிறது. இறங்கினால் ஆள் மிஞ்ச மாட்டான். விவரம் தெரியாத வழிப்போக்கன் ஒருவன் இறங்கப் போகிறான். கரையில் நிற்கிற இன்னொருவனுக்கு விவரம் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இறங்கியவன் செத்துப்போகிறான். கரையில் நின்றவன் கொலைகாரனா? மெக்காலேயின் பதில் இப்படிப் போகிறது. வழிப்போக்கர்களை எச்சரிப்பதற்கென்றே சர்க்கார் அங்கே நிறுத்திவைத்த பியூன் என்றால் அது கொலை. கூலி பேசிக் கூட்டிவந்த வழிகாட்டி என்றாலும் கொலைதான். சக மனிதன் என்பதைத் தவிர வேறு எந்த உரிமையும் செத்தவனுக்கு அவன்மேல் இல்லை என்றால், கொலை அல்ல. பழி உண்டு, தண்டனை இல்லை.

அடுத்து அவர் ஒரு மருத்துவரையே கொண்டுவருகிறார். கல்கத்தாவில் ஓர் அறுவை மருத்துவர். மீரட்டில் ஒரு நோயாளி. அந்த அறுவையைச் செய்யத் தெரிந்தவர் இந்தியா முழுவதிலும் இவர் ஒருவர்தான். செய்யாவிட்டால் அந்த ஆள் இறப்பது உறுதி. ஆனாலும் போக மறுத்த மருத்துவரைக் கொலைகாரன் என்று சொல்ல முடியாது என்கிறார்.

அவர் தேர்ந்தெடுத்த தூரத்தைக் கவனியுங்கள். ரயில் வராத காலம். கல்கத்தாவிலிருந்து மீரட் போவது வாரக்கணக்கில் நடக்கிற காரியம். போக மறுத்தவர்மேல் யாருக்கும் கோபம் வராத ஓர் உதாரணத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார். வழக்கறிஞர்கள் இப்படிச் செய்வதுண்டு, நானும் செய்திருக்கிறேன்: வாதத்தில் பலவீனமான இடம் எதுவோ, அதைத் தொடாத உதாரணமாகப் பொறுக்குவது. நோயாளி மீரட்டில் இல்லாமல் பக்கத்துத் தெருவில் கிடந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பியூனுக்கு மாலையில் வேலை முடிந்து, சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அதே கரையோரம் வீட்டுக்கு நடந்துபோகும்போது ஒருவன் ஆற்றில் இறங்கினால் என்ன என்பதையும் கேட்டுக்கொள்ளவில்லை. அப்போது அவன் நிறுத்திவைக்கப்பட்ட பியூனா, வெறும் சக மனிதனா? இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் இருக்கிறது என்பதே என் கட்சி. அந்த இடத்தின் அளவு என்ன என்பதுதான் நம் விசாரணை.

பக்கத்துத் தெரு வழக்கு ஒன்று ஆஸ்திரேலியாவில் நிஜமாகவே வந்தது. 1987 ஜனவரி, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு கடற்கரை ஊர். விடுமுறைக்கு வந்திருந்த குடும்பத்தில் 11 வயதுப் பையனுக்கு வலிப்பு வந்து நிற்கவேயில்லை. அவன் அக்கா சுமார் 300 மீட்டர் தள்ளியிருந்த ஒரு டாக்டரின் கிளினிக்குக்கு ஓடினாள். "தம்பியை இங்கே கொண்டுவா" என்றார் டாக்டர். "கொண்டுவர முடியாது, வலிப்பு நிற்கவில்லை" என்றாள். "ஆம்புலன்சைக் கூப்பிடு" என்றார். "ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, டாக்டர்தான் வேண்டும்" என்றாள். அவர் போகவில்லை. பையனின் மூளை மீள முடியாத அளவுக்குச் சேதமானது. அப்படி ஒரு பெண் வரவேயில்லை என்று டாக்டர் கடைசிவரை மறுத்தார்; நீதிமன்றம் பெண்ணை நம்பியது. லவுன்ஸ் எதிர் வுட்ஸ் என்ற அந்த வழக்கில் 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தன் நோயாளியே அல்லாத அந்தப் பையனுக்கும் அவர் கடமைப்பட்டவர்தான் என்றது. நீதிபதிகளிடையே கருத்து ஒன்றாக இல்லை. இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். இழப்பீடு 30 லட்சம் டாலருக்கு மேல்.

தீர்ப்பை மேலோட்டமாகப் பார்ப்பவர்கள், கூப்பிட்டால் டாக்டர் எங்கிருந்தாலும் போயாக வேண்டும் என்று அது சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். அது அவ்வளவு தூரம் போகவில்லை. அவர் கிளினிக்கில் இருந்தார், பகல் நேரம், பார்த்துக்கொண்டிருந்த நோயாளியை விட்டு வர முடியாத நிலையும் இல்லை. 300 மீட்டர் தூரம். வலிப்பை நிறுத்த என்ன மருந்து வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவசரம் என்று தெளிவாகச் சொல்லப்பட்டது. அவசர அழைப்பை நியாயமில்லாமல் மறுப்பது நடத்தைத் தவறு என்று அம்மாநில மருத்துவர் சட்டமும் ஏற்கெனவே சொல்லியிருந்தது. இத்தனையும் கூடிவந்ததால்தான் கடமை பிறந்தது. ஒன்றிரண்டை உருவினால் என்ன ஆகும் என்பதை அதே நாட்டின் இன்னொரு வழக்கு காட்டியது.

2002 ஏப்ரல், மேற்கு ஆஸ்திரேலியாவில் ரோபர்ன் என்ற சிற்றூருக்கு வெளியே. பொழுது சாய்ந்து இருட்டிவிட்டது. சாலைச் சந்திப்பில் ஒரு பெண் மருத்துவர் காரை நிறுத்தியிருந்தார். கதிரியல் நிபுணர், அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்பவர். வேகமாக வந்த ஒரு வண்டி அவர் கார்மேல் மோதாமல் மயிரிழையில் விலகிப்போய்ப் பள்ளத்தில் உருண்டது. சத்தம் கேட்டது. அவரிடம் டார்ச் இல்லை, செல்போன் இல்லை, முதலுதவிப் பெட்டி இல்லை. தானே செத்திருக்க வேண்டியது என்ற நடுக்கம் வேறு. நேராகக் காவல் நிலையத்துக்கு ஓட்டிப்போய் விபத்தைச் சொன்னார். கவிழ்ந்த வண்டியில் இருந்த ஒருவர் இறந்துபோனார். இறங்கிப் பார்க்காமல் போனது மருத்துவருக்குத் தகாத நடத்தை என்று மருத்துவக் குழுமம் நடவடிக்கை எடுத்தது. தீர்ப்பாயம் 2013-ல் ஆமாம், குற்றம்தான் என்றது. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எந்த நிலையிலும் உடனே போய்ப் பார்த்தே தீரவேண்டும் என்ற தனிக் கடமையை 2002-ல் மருத்துவத் தொழில் முழுவதும் ஏற்றிருந்தது என்பதற்குச் சாட்சியமே இல்லை என்றது.

இந்தத் தீர்ப்பு சரி என்பது என் கருத்து. அந்த அம்மையார் ஒன்றும் செய்யாமல் போகவில்லையே. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், இருட்டில், வெறுங்கையோடு இறங்கிப் போவதா, உதவியைக் கூட்டிவருவதா என்று ஒரு நொடியில் முடிவெடுத்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, விளக்கு வெளிச்சத்தில், ஏ.சி. அறையில் உட்கார்ந்து அந்த ஒரு நொடியை அளந்தார்கள். இங்கே அமர்ந்திருக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். இரவு பதினொரு மணி, ஸ்கூட்டியில் தனியாக வருகிறீர்கள். பைபாஸ் ஓரம் ஒரு வண்டி கிடக்கிறது, பக்கத்தில் இரண்டு பேர் கைகாட்டி நிறுத்துகிறார்கள். நிறுத்தத்தான் வேண்டும் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. கொஞ்ச தூரம் தள்ளி, ஆளும் விளக்கும் இருக்கிற இடத்தில் நிறுத்தி 108-க்குப் போன் செய்தால் உங்கள் கடமை முடிந்தது என்பேன். தன் பாதுகாப்பு என்பது கடமையிலிருந்து தப்பிக்கும் சந்து இல்லை. கடமை எதுவரை போகும் என்பதைத் தீர்மானிப்பதில் அதற்கும் இடமுண்டு. பிரிட்டனில் பொது மருத்துவக் கவுன்சிலின் நடத்தை நெறியும் இதையேதான் சொல்கிறது: மருத்துவமனைக்கு வெளியே அவசரம் நேர்ந்தாலும் மருத்துவர் உதவ முன்வர வேண்டும், அதே வாக்கியத்தில், தன் பாதுகாப்பையும் தன் திறமையையும் வேறு உதவி கிடைக்குமா என்பதையும் கணக்கில் கொள்ளலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். அங்கே நீதிமன்றச் சட்டத்தின்படி அப்படியொரு கடமை கிடையாது. ஆனால் மருத்துவர் பதிவேட்டில் பெயர் நிலைக்க வேண்டுமென்றால் உண்டு. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

"இதெல்லாம் எதற்கு, உதவாதவனை ஜெயிலில் போடுங்கள்" என்பவர்கள் உண்டு. அப்படிச் செய்கிற நாடு பிரான்ஸ். ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமல் இருப்பதே அங்கே குற்றம். டாக்டர், தச்சர், கடைக்காரர் என்ற வேறுபாடு கிடையாது. ஐந்து ஆண்டு வரை சிறை, 75,000 யூரோ வரை அபராதம். இந்தச் சட்டம் முதலில் வந்தது 1941-ல், நாஜி ஆக்கிரமிப்பின் கீழ் நடந்த விஷி ஆட்சியில். விடுதலைக்குப் பிறகு 1945-ல் மறுபடி இயற்றி வைத்துக்கொண்டார்கள். 1997 ஆகஸ்ட் 31 பின்னிரவில் பாரிசின் அல்மா சுரங்கப் பாதையில் ஒரு மெர்சிடிஸ் கார் தூணில் மோதியது. இந்தச் சட்டத்தின் பெயர் உலகம் முழுக்க அடிபட்டது அப்போதுதான். காரைத் துரத்திவந்த புகைப்படக்காரர்கள்மேல் இந்தப் பிரிவிலும் விசாரணை நடந்தது. 1999-ல் வழக்கு தள்ளுபடியானது.

அந்த இரவில் நம் கதைக்கு வேண்டிய ஆள் வேறொருவர். ஃபிரெடெரிக் மாயே என்ற மருத்துவர். வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் அவசர மருத்துவச் சேவையில் வேலை செய்தவர். அன்று டூட்டி இல்லை. ஒரு விருந்து முடிந்து தன் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். எதிர்ப்புறம் புகை தெரிந்தது, நிறுத்தினார். இரண்டு பேர் இறந்திருந்தார்கள், இரண்டு பேருக்கு உயிர் இருந்தது. அவசர உதவிக்குத் தகவல் சொன்னார், தன் காரிலிருந்த சுவாசப் பையை எடுத்துவந்து ஒரு பெண்ணுக்கு மூச்சுக்கு உதவினார், குழு வந்ததும் ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்தப் பெண் இளவரசி டயானா என்பதே அவருக்கு அப்போது தெரியாது. சிறைத் தண்டனைக்குப் பயந்தா அவர் நிறுத்தினார்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரில் சுவாசப் பை வைத்திருக்கிறவர், சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுத்துகிறவர்.

தண்டனைச் சட்டத்தின் வலு அவ்வளவுதான். நிற்கிறவரை அது நிற்க வைப்பதில்லை. நிற்காமல் போனவரைப் பிடிப்பதும் அரிது, ஏனென்றால் போனவர் டாக்டர் என்பது யாருக்குத் தெரியும்? நின்று, செய்து, ஏதோ தப்பு நேர்ந்தவர்தான் கையில் அகப்படுவார்.

இருந்தாலும் மனம் ஆறாத சில நிகழ்ச்சிகள் உண்டு. 2009 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு காபிக் கடை. அங்கே வேலை பார்த்த ஆறு மாதக் கர்ப்பிணி மூச்சுத் திணறி விழுந்தார். கடையில் காலைச் சிற்றுண்டி வாங்க வந்திருந்த இருவர் நகரத் தீயணைப்புத் துறையின் அவசர மருத்துவப் பணியாளர்கள். அப்போது அவர்களுக்கு இடைவேளை. ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள் என்று கடை ஊழியர்கள் சொன்னார்கள். அந்தப் பெண்ணும் பிழைக்கவில்லை, குழந்தையும் பிழைக்கவில்லை. ஊரே கொதித்தது, மேயரே கண்டித்தார், இருவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் நின்றிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது வேறு விஷயம். மக்கள் அதற்காகக் கொதிக்கவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்து, ஆம்புலன்ஸ் வரும்வரை இருந்திருக்கலாமே என்றுதான் கேட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்தது சிகிச்சையைக்கூட அல்ல. ஒதுங்கிப் போகாமல் இருப்பதை.

இனி நம் ஊருக்கு வருவோம்.

ஒரு ஸ்கூட்டர்காரரைக் கார் ஒன்று மோதித் தள்ளுகிறது. வழியில் போனவர் அவரைப் பக்கத்து மருத்துவமனைக்குத் தூக்கிப்போகிறார். இது போலீஸ் கேஸ், நாங்கள் எடுப்பதில்லை, 20 கிலோமீட்டர் தள்ளி அதற்கென்று அனுமதி பெற்ற ஆஸ்பத்திரி இருக்கிறது என்று அனுப்பிவிடுகிறார்கள். போகும் வழியில் உயிர் போகிறது. பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1989 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. அரசு மருத்துவமனையில் இருந்தாலும் வேறெங்கு இருந்தாலும், உயிரைக் காக்கத் தன் திறமையைப் பயன்படுத்துவது ஒவ்வொரு மருத்துவரின் தொழில் கடமை; போலீஸ் நடைமுறை குறுக்கே நிற்கக் கூடாது என்றது.

'வேறெங்கு இருந்தாலும்' என்ற அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு, டூட்டியில் இல்லாத மருத்துவருக்கும் சட்டக் கடமை உண்டு என்று மேடைகளில் பேசுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். வழக்கு மருத்துவமனை வாசலில் நடந்தது. தெருவில் நடந்து போகும் டாக்டர் பற்றிய கேள்வி அந்த நீதிபதிகள் முன் இல்லை. அதே தீர்ப்பில் யாரும் மேடையில் சொல்லாத இன்னொரு பகுதி இருக்கிறது: சிகிச்சை கொடுத்த டாக்டரைப் போலீஸ் தொல்லைப்படுத்தக் கூடாது, தேவையில்லாமல் சாட்சிக்கு இழுக்கக் கூடாது, அப்படியே கூப்பிட்டாலும் நீதிமன்றத்தில் காக்கவைக்கக் கூடாது. முதல் பகுதியை மருத்துவருக்கு நினைவூட்டுகிறவர்கள் இரண்டாம் பகுதியை நீதிமன்றத்துக்கு நினைவூட்டுவதில்லை. சம்மன் வந்து, வார்டை விட்டு வந்து, வராந்தாவில் பகல் முழுவதும் உட்கார்ந்து, வாய்தா என்று திரும்பிப்போன ஒரு டாக்டரிடம் போய் அறம் பேசிப் பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. காயம்பட்டவரை ஓட்டுநர் பக்கத்திலுள்ள மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ கொண்டுபோக வேண்டும்; அங்கே பதிவு பெற்ற எந்த மருத்துவரும், அல்லது மருத்துவமனையில் டூட்டியில் இருக்கும் டாக்டரும், சம்பிரதாயங்களுக்குக் காத்திராமல் உடனே கவனிக்க வேண்டும். டூட்டியில் இருப்பவர் ஒருபுறம், பதிவு பெற்ற மருத்துவர் இன்னொருபுறம் என்று இருவரையும் தனித்தனியாகச் சொல்லியிருப்பதைப் பாருங்கள். வாசலுக்கு வந்துவிட்ட காயத்தை, டூட்டி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. ஆற்றங்கரைப் பியூனின் கடமை வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்துவிட்டது என்று இதை வாசிக்கலாம். தெருவுக்கு இறங்கவில்லை. 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் அதற்கும் இறங்குகின்றன: யாருக்குச் சிகிச்சை தருவது என்பது மருத்துவரின் விருப்பம், ஆனால் அவசரத்தில் உதவி கேட்டால் போக வேண்டும். 2023 ஆகஸ்டில் புதிய விதிகளைக் கொண்டுவந்து அதே மாதத்தில் நிறுத்திவைத்தார்கள். அதனால் 2002 விதிகளே ஓடுகின்றன.

சரி, கடமைப் பக்கம் இவ்வளவு. காப்புப் பக்கம்?

சேவ் லைஃப் அறக்கட்டளை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30-ல் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலு தந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு, கைம்மாறு கருதாமல் விபத்து நடந்த இடத்தில் உதவுகிறவர்மேல் உரிமையியல் வழக்கும் இல்லை, குற்ற வழக்கும் இல்லை. கவனக்குறைவே நேர்ந்தாலும் இல்லை. பெயர் சொல்லக் கட்டாயம் இல்லை. நல்ல சட்டம். 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். 17,884 பேர் இறந்தார்கள். அந்த நிலையில் இப்படி ஒரு பிரிவு மிகவும் அவசியம். மாநில அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்தபின், கொண்டுபோய்ச் சேர்த்தால் யார் பணம் கட்டுவது என்ற பயமும் பெருமளவு நீங்கியது.

ஆனால் 134-ஏ சாலை விபத்துக்கு மட்டும். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்? பாண்டியன் எக்ஸ்பிரஸில் நள்ளிரவில் ஒருவருக்குச் சர்க்கரை இறங்கி நினைவு தப்பினால்? பள்ளி மைதானத்தில் பையன் விழுந்தால்? அந்தப் பிரிவு அங்கே வராது. அங்கேயும் மருத்துவர் கைவிடப்பட்டவர் இல்லை. சம்மதம் வாங்க முடியாத நிலையில் ஒருவர் நன்மைக்காகச் செய்தது குற்றமாகாது என்ற பிரிவு 1860 முதல் இருக்கிறது. அதற்குப் பழைய சட்டம் தந்த உதாரணம், குதிரையிலிருந்து விழுந்து நினைவிழந்தவனின் மண்டை ஓட்டைத் துளையிடும் அறுவை மருத்துவர். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதாரணப் பிழைக்கெல்லாம் மருத்துவர்மேல் குற்ற வழக்குப் போட முடியாது, மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும் என்றது. காசு வாங்காமல் வழியில் செய்கிற உதவி நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகாது. ஆகவே வராந்தாவில் கேட்பவருக்கு என் பதில்: தெரிந்ததை மட்டும், நல்லெண்ணத்தோடு செய்தால் ஜெயிலுக்குப் போக மாட்டீர்கள். ஆனால் இதை நான்கு சட்டங்களையும் மூன்று தீர்ப்புகளையும் அடுக்கித்தான் சொல்ல முடிகிறது. கீழே ஒருவர் நீலம் பாரித்துக் கிடக்கும்போது யார் இதையெல்லாம் அடுக்கிப் பார்ப்பது?

செவிலியர் நிலை இதைவிட மோசம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. மருத்துவச் செயல்முறையின்போது பதிவு பெற்ற மருத்துவரால் நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை. பதிவு பெற்ற மருத்துவர் என்றால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி பதிவு பெற்றவர் என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள். நர்ஸ் அதில் வர மாட்டார். 108 வண்டியில் வருகிற மருத்துவ உதவியாளரும் வர மாட்டார். தெருவில் முதலில் மண்டியிடுகிறவர்கள் பல நேரம் இவர்கள்தான். சலுகை மட்டும் டாக்டரோடு நின்றுவிட்டது. இதைச் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

'டூட்டி இல்லாத நேரம்' என்பதே எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். துணை சுகாதார நிலையத்தில் தங்கியிருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறாரே, சமவெளியில் 5,000 பேருக்கு ஒருவர், அவர் கதவை இரவு இரண்டு மணிக்குத் தட்டுகிறவர்கள் டூட்டியா என்று கேட்டுவிட்டுத் தட்டுவதில்லை. "சிஸ்டர், வலி எடுத்துருச்சு" என்றால் எழுந்து போகிறார். நகரத்து மருத்துவர்களின் கடமை பற்றிக் கருத்தரங்கம் நடத்துகிறோம். இவருக்கு அப்படி ஒரு கருத்தரங்கம் தேவைப்படவே இல்லை. அதேபோல மருத்துவக் கல்லூரியில் பி.ஜி. மாணவர். தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசின் ரெசிடென்சி திட்டம் 1992-லேயே சொன்னது. இங்கே இருக்கிற பி.ஜி.க்கள் சிரிக்கிறீர்கள். 30 மணி நேரம் விழித்திருந்து வெளியே வருகிற ஒருவர் வழியில் ஒரு விபத்தைக் கண்டு நிறுத்தாமல் போனால், அவரிடம் கடமை பேசுவதற்கு முன் அவரை 30 மணி நேரம் நிறுத்திவைத்த நிர்வாகத்திடம் பேச வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும், கடமை உண்டு என்றே சொல்கிறேன். அதன் அடிப்படை எது என்பதில்தான் பலரோடு எனக்கு வேறுபாடு. மக்கள் பணத்தில் படித்தீர்கள், அதனால் கடன்பட்டவர்கள் என்பது ஒரு வாதம். அப்படியானால் தனியார் கல்லூரியில் கோடி கொட்டிப் படித்தவருக்குக் கடன் இல்லையா? வாதம் அங்கேயே முறிகிறது. என் வாதம் பதிவேட்டை வைத்து. உங்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டபோது அரசு மற்ற எல்லோரையும் பார்த்து, "நீங்கள் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டது. மற்றவர்களை விலக்கி உங்களுக்கு மட்டும் கொடுத்த அந்த உரிமை, மாலை ஐந்து மணிக்குக் காலாவதியாவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் டாக்டர்தான், லெட்டர்பேடில் அப்படித்தான் இருக்கிறது. உரிமை கூடவே வருமானால் கடமையும் கொஞ்சம் கூட வரும். முழுதாக வராது. பியூனுக்கு ராத்திரி முழுக்கக் கரையில் நிற்கும் கடமை இல்லை. கண்ணெதிரே இறங்குகிறவனைப் பார்த்து ஒரு குரல் கொடுக்கும் கடமை உண்டு.

அந்த ஒரு குரல் மருத்துவத்தில் என்ன? நிறுத்துவது. தான் யார் என்று சொல்வது. மூச்சு, நாடி, ரத்தப்போக்கு பார்ப்பது. சுற்றி நிற்கிறவர்கள் அன்பு மிகுதியில் செய்கிற கொடுமைகளைத் தடுப்பது. தண்ணீர் புகட்டுவதையும், கழுத்தை மடித்து ஆட்டோவில் திணிப்பதையும் நிறுத்தினாலே பாதி வைத்தியம். தெரிந்தால் நெஞ்சழுத்தம் கொடுப்பது. 108 வந்ததும் என்ன பார்த்தேன், என்ன செய்தேன் என்று சொல்லி ஒப்படைப்பது. தோல் மருத்துவரிடம் யாரும் அறுவையை எதிர்பார்க்கவில்லை. இரண்டு பெக் போட்டவர் ஒதுங்கி நின்று போன் செய்வதே நல்லது.

விமானத்தில் இது நன்றாகவே நடக்கிறது. 1995-ல் ஹாங்காங்–லண்டன் விமானத்தில் ஒரு பெண்ணின் நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்தபோது, பயணியாக வந்த பேராசிரியர் ஆங்கஸ் வாலஸ் கோட் மாட்டும் கம்பியையும் சிறுநீர்க் குழாயையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்து, பிராந்தியில் கிருமி நீக்கி, காற்றை வெளியேற்றினார். 2022 ஜூலையில் டெல்லி–ஐதராபாத் விமானத்தில் மயங்கிய பயணியைக் கவனித்தவர் அப்போது தெலங்கானா ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன். ஆளுநர் பதவிக்கு டூட்டி நேரம் உண்டா என்று தெரியவில்லை. மகப்பேறு மருத்துவர் எழுந்து வந்தார். அமெரிக்காவை மையமாக வைத்து 2013-ல் வந்த ஓர் ஆய்வில், நடுவானில் நேர்ந்த 11,920 அவசரங்களில் 48 சதவீதத்தில் பயணியாக வந்த மருத்துவர்களும் 20 சதவீதத்தில் செவிலியர்களும் உதவியிருந்தார்கள். விமானத்தில் மட்டும் மனிதர்கள் நல்லவர்களாகிவிடுவதில்லை. அங்கே கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது, ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்கள். கையில் கொடுக்க ஒரு மருத்துவப் பெட்டி இருக்கிறது. தரையிலிருந்து ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறது. உதவியவரைக் காக்க அமெரிக்காவில் 1998 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. இந்த நான்கும் இருந்தால் தரையிலும் எழுந்து வருவார்கள்.

ஆகவே என் வேண்டுகோள்கள் தண்டனை கேட்பவை அல்ல. 134-ஏ பிரிவு தரும் காப்பை விபத்து, மாரடைப்பு, பிரசவம், பாம்புக்கடி என்று எந்த அவசரத்துக்கும் விரிக்க வேண்டும். 106-ஆம் பிரிவின் சலுகையில் பதிவு பெற்ற செவிலியரையும் அவசர மருத்துவ உதவியாளரையும் சேர்க்க வேண்டும். சாட்சிக்கு வரும் மருத்துவரை முதல் ஆளாக விசாரித்து அனுப்ப வேண்டும். காணொலி வசதி எல்லா நீதிமன்றத்துக்கும் வந்தபின் அவர் வராந்தாவில் உட்காரவே தேவையில்லை.

கடைசியாக, இந்த அவையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒன்று. உங்கள் நர்ஸ் ஒருவர் காலை ஷிப்டுக்கு முக்கால் மணி நேரம் தாமதமாக, சுடிதாரில் ரத்தக் கறையோடு வந்து, வழியில் ஒரு விபத்து என்று சொன்னால், அவருக்கு மெமோ கொடுக்காதீர்கள். பாதி நாள் விடுப்பையும் கழிக்காதீர்கள். அந்த முக்கால் மணி நேரத்தை டூட்டி நேரமாகவே எழுதிக்கொள்ளுங்கள். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், அரசாணை வேண்டாம். நாளைக் காலையிலிருந்தே நீங்கள் செய்யலாம்.